ஹாலோவீனுக்கு எத்தனை வயது? ஒரு தொன்மைக் கதையின் சான்றுகள்

அக்டோபர் கடைசி வாரம் பிறந்துவிட்டால் உலகெங்கும் நாளிதழ்களில் ஏறத்தாழ ஒரே பத்தி அச்சேறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கெல்ட் மக்கள் சௌவின் என்ற புத்தாண்டைக் கொண்டாடினார்கள். அன்றிரவு இறந்தோரின் ஆவிகள் வீடு திரும்பும் என்று நம்பினார்கள். ஆவிகளை ஏமாற்ற முகமூடி அணிந்தார்கள். துரூயிட் பூசாரிகள் மலைமேல் நெருப்பு மூட்டினார்கள். பின்னாளில் கிறித்தவத் திருச்சபை அதே நாளில் தன் விழாவை வைத்து இதையெல்லாம் விழுங்கிவிட்டது. மிச்சம்தான் இன்றைய ஹாலோவீன்.

கேட்கக் கோவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே நிறுத்தி, ‘இதற்குச் சான்று எந்த நூற்றாண்டில் தொடங்குகிறது?’ என்று கேட்டால் கோவை கலைந்துவிடுகிறது. சில கூற்றுகளுக்கு இடைக்கால ஏடுகள் துணை நிற்கின்றன. சிலவற்றின் வேர் விக்டோரியா காலத்துக்கு அப்பால் போவதே இல்லை. சௌவின் என்ற பருவநாள் பழையது என்பதில் ஐயமில்லை. ஹாலோவீனின் தொன்மை என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கட்டிய மாளிகை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏடுகளில் சௌவின்

முதலில், இல்லாத சான்றைப் பற்றி. கெல்ட் மக்களை நேரில் கண்டும் அவர்களோடு போரிட்டும் எழுதிய கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் எவரும் சௌவினைக் குறிப்பிடவில்லை. பிரான்சின் ஐன் பகுதியில் 1897இல் கிடைத்த கொலிஞி வெண்கல நாட்காட்டியில் ‘சமோனியோஸின் மூன்று இரவுகள்’ என்ற குறிப்பு இருக்கிறது. ஒலி ஒற்றுமையை வைத்து இதைச் சௌவினோடு இணைப்போர் உண்டு. ஆனால் அந்த மாதம் கோடையில் வந்ததா குளிர்காலத்தில் வந்ததா என்பதிலேயே அறிஞர்கள் உடன்படவில்லை. இதன்மேல் அதிகம் கட்ட முடியாது.

உறுதியான தரை அயர்லாந்தின் இடைக்கால இலக்கியத்தில்தான் கிடைக்கிறது. ‘எமரைப் பெண் கேட்ட கதை’ ஆண்டை நான்காகப் பிரிக்கும் நாட்களில் ஒன்றாகச் சௌவினைச் சொல்கிறது. ‘கூஹுலினின் நோய்ப்படுக்கை’ என்ற கதை, அல்ஸ்டர் மக்கள் சௌவினுக்கு முன் மூன்று நாளும் பின் மூன்று நாளும் கூடி, விளையாட்டும் விருந்துமாகக் கழித்ததை விவரிக்கிறது. மாடுகள் கோடை மேய்ச்சலிலிருந்து ஊர் திரும்பும் காலம் அது. குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாதவற்றை அறுத்துவிடும் காலமும் அதுவே. இறைச்சி மிகுந்திருக்கும்போது விருந்து நடப்பதில் வியப்பில்லை. மிக அண்மைக் காலம் வரைகூட அயர்லாந்தில் நிலக்குத்தகை செலுத்தும் தவணை நாட்களாக மே 1, நவம்பர் 1 ஆகியவையே இருந்தன. பேய்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த நாளுக்கு இவ்வளவு கனம் இருந்திருக்கிறது.

பேய்களும் இருந்தன. ‘நெராவின் சாகசம்’ என்ற கதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். க்ரூஅகன் கோட்டையில் அரசன் அய்லிலும் அரசி மேவும் சௌவின் இரவு அமர்ந்திருக்கிறார்கள். கொப்பரையில் உணவு வெந்துகொண்டிருக்கிறது. முந்திய நாள்தான் இரண்டு கைதிகளைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். வெளியே போய், தொங்கும் பிணத்தின் காலில் மிலாறு வளையம் மாட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்று அறிவிக்கிறான் அரசன். போனவர்கள் போன வேகத்தில் திரும்புகிறார்கள். நெரா மட்டும் நிற்கிறான். மூன்று முறை மாட்டியும் வளையம் தெறித்து விழுகிறது. பிணமே வாய் திறந்து, முளை அடித்துச் சரியாக மாட்டு என்று யோசனை சொல்கிறது. பிறகு தனக்குத் தாகமாக இருக்கிறது, தண்ணீர் உள்ள இடத்துக்குச் சுமந்துபோ என்கிறது.

நெரா அதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறான். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம். இரவில் அடுப்புத் தணலை ஒழுங்காக மூடிவைக்கும் வீடு அது, உள்ளே நுழைய முடியாது. இரண்டாம் வீட்டைச் சுற்றி நீர் வளையம். குளித்த நீரையும் கழுவிய நீரையும் இரவு தங்கவிடாத வீடு அது. மூன்றாம் வீட்டில் எல்லாம் அப்படியே கிடக்கிறது. பிணம் அந்த அழுக்கு நீரைக் குடித்து, கடைசி வாயை வீட்டார் முகத்தில் உமிழ்கிறது. அனைவரும் மாண்டுபோகிறார்கள். நடுங்கவைக்கும் பேய்க்கதைக்குள் இப்படி ஒரு குடித்தன ஒழுங்கைப் பொதிந்து வைத்தவன் நல்ல கதைசொல்லி.

பின்னர் நெரா ஒரு குகை வழியே மேட்டுக்கு அடியிலுள்ள மறுவுலகுக்குள் நுழைகிறான், அங்கே மனைவி அடைகிறான், அடுத்த சௌவினில் கோட்டைக்கு வரவிருக்கும் அழிவை அறிகிறான். தான் சொல்வதை ஊரார் நம்ப வேண்டுமே என்று கோடையில் மட்டும் கிடைக்கும் காட்டுப் பூண்டையும் பிரிம்ரோஸ் மலரையும் கையோடு கொண்டுவருகிறான். திரும்பி வந்தால் கொப்பரை இன்னும் அடுப்பிலிருந்து இறங்கவில்லை. அவர்கள் அதே விருந்தில்தான் இருக்கிறார்கள்.

இந்தக் கதை எதற்குச் சான்று, எதற்குச் சான்றல்ல என்று பிரித்தாக வேண்டும். சௌவின் இரவில் மறுவுலக மேடுகள் திறந்திருக்கும், வெளியே நடமாடுவது ஆபத்து என்ற நம்பிக்கைக்கு இது தெளிவான சான்று. ஆனால் இதில் வரும் பிணம் யாருடைய முன்னோரும் இல்லை, தூக்கிலிடப்பட்ட கைதி. முன்னோருக்குப் படையல் இல்லை. முகமூடி இல்லை. பூசாரியும் இல்லை. மேட்டிலிருந்து புறப்படுவோர் இறந்தவர்களின் ஆவிகள் அல்லர், அவர்கள் தனி இனத்தவர். போதாக்குறைக்கு, இக்கதைகள் நம் கைக்கு வந்திருப்பது கிறித்தவத் துறவிகளும் அவர்கள் மரபில் பயின்ற ஏட்டெழுத்தாளர்களும் எழுதிய வடிவத்தில். க்லான்மெக்னாய்ஸ் மடத்தோடு தொடர்புடைய ‘பழுப்புப் பசு ஏடு’ போன்ற மிகப் பழைய தொகுப்பே 1100ஐ ஒட்டியதுதான். அயர்லாந்து கிறித்தவத்தைத் தழுவி அதற்குள் ஆறு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

புத்தாண்டும் மரண தேவனும்

அப்படியானால் ‘கெல்ட் புத்தாண்டு’ எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரே அறிஞரிடமிருந்து. ஆக்ஸ்ஃபோர்டின் முதல் கெல்ட் மொழிப் பேராசிரியரான ஜான் ரீஸ், 1886இல் நிகழ்த்திய ஹிபர்ட் சொற்பொழிவுகளில், சௌவினே கெல்ட் மக்களின் ஆண்டுத் தொடக்கமாக இருந்திருக்க வேண்டும் என்றார். அவர் எடுத்துக்காட்டியவை வேல்ஸிலும் மான் தீவிலும் அவர் காலத்தில் நிலவிய வழக்கங்கள். ஊகம் என்ற அளவில் அது நியாயமானதே. ‘தங்கக் கிளை’யை 1890இல் வெளியிடத் தொடங்கிய ஜேம்ஸ் ஃப்ரேசர் இதை ஏற்று, கூடவே இறந்தோர் விழா என்ற பொருளையும் ஏற்றினார். நவம்பர் 2 சகல ஆன்மாக்கள் நாள் என்பதால், அதற்கு முந்திய பழம்விழாவும் இறந்தோருக்கே உரியதாக இருந்திருக்கும் என்பது அவர் தர்க்கம். பின்னதிலிருந்து முன்னதை ஊகித்து, அந்த ஊகத்தைக் கொண்டே பின்னதை விளக்கும் வட்டம் இது. ஃப்ரேசரின் நடை அழகு அதை மறைத்துவிட்டது. அவர் நூலின் வீச்சு மிகப் பெரிது என்பதால் கதை அங்கிருந்து கலைக்களஞ்சியங்களுக்கும், கலைக்களஞ்சியங்களிலிருந்து செய்தித்தாள்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ரீஸுக்கும் முன்பே ஒருவர் இன்னும் துணிச்சலாக எழுதியிருந்தார். அயர்லாந்தில் பணியாற்றிய இராணுவப் பொறியாளர் சார்ல்ஸ் வலன்சி, ஐரிஷ் மொழிக்கும் ஃபினீஷியருக்கும் உறவு உண்டென்று நிறுவ முயன்று 1770 முதல் பல தொகுதிகள் வெளியிட்டவர். சௌவின் என்பது ஒரு நாளின் பெயரே அல்ல, ஆன்மாக்களுக்குத் தீர்ப்பு வழங்கும் தெய்வத்தின் பெயர் என்பது அவர் முடிவு. எந்த ஐரிஷ் ஏட்டிலும் இப்படி ஒரு மரண தேவன் கிடையாது. ஆனாலும் இந்தத் தேவன் சாகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மதப் பிரசுரங்களில் கொம்பும் வாலும் முளைத்து மறுபிறவி எடுத்தான்.

ஆப்பிள் விளையாட்டுகளுக்கு உரோமானியப் பொமோனா தேவியைக் காரணம் காட்டும் வழக்கமும் இதே வகை. அவளுக்கு நவம்பரில் விழா நடந்ததற்கு ஆதாரம் இல்லை. அக்டோபர் முடிவில் ஆப்பிள் மலிந்து கிடக்கிறது என்பதைத் தாண்டி விளக்கம் எதற்கு?

இந்த மறுஆய்வுக்குப் பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் 1996இல் வெளியிட்ட ‘சூரியனின் நிலைகள்’ அடித்தளம். கனடிய வரலாற்றாசிரியர் நிக்கலஸ் ராஜர்ஸின் 2002ஆம் ஆண்டு நூல் அதை வட அமெரிக்காவரை நீட்டியது. இருவரும் சௌவினை மறுக்கவில்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையைத்தான் இறக்கிவைக்கிறார்கள்.

நவம்பர் முதல் நாள் எங்கிருந்து வந்தது?

திருச்சபை வேண்டுமென்றே சௌவின்மேல் தன் விழாவை ஏற்றியது என்ற கூற்றுக்கு எதிராக ஒரு சங்கடமான சான்று இருக்கிறது, அதுவும் அயர்லாந்திலிருந்தே. 800ஐ ஒட்டி எழுந்த ‘ஓங்கஸின் நாட்காட்டி’ அனைத்துப் புனிதரின் விழாவை ஏப்ரல் 20இல் வைக்கிறது. உரோமில் திருத்தந்தை நான்காம் பொனிபாசு 609இல் பாந்தியன் கோயிலை மரியாளுக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தது மே 13 அன்று. நவம்பர் 1 என்ற தேதியைத் தீவிரமாகப் பரிந்துரைத்தவர், இங்கிலாந்தின் யார்க்கில் பயின்று சார்லிமேன் அவையில் செல்வாக்குப் பெற்ற அல்குவின். அவர் 800ஐ ஒட்டி சால்ஸ்பர்க் பேராயர் ஆர்னோவுக்கு இதை எழுதினார். பேரரசன் பக்தன் லூயி 835இல் தன் ஆட்சிப்பரப்பு முழுக்க இதை விதியாக்கினான். அதாவது இந்தத் தேதி சௌவின் கொண்டாடிய மண்ணில் முளைக்கவில்லை. ஜெர்மானிய, ஆங்கில நிலங்களிலிருந்து அயர்லாந்துக்குள் வந்திருக்கிறது.

எதிர்வாதம் உண்டு. அல்குவினின் தாயகமான நார்த்தம்ப்ரியா, லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் வழியாக ஐரிஷ் துறவிகளின் செல்வாக்குக்கு உட்பட்ட நாடு. மறைமுகத் தாக்கத்தை அடியோடு விலக்கிவிட முடியாது. ஆனால் ‘விலக்க முடியாது’ என்பதற்கும் ‘நிகழ்ந்தது’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை வழக்கமான பத்தி ஒரே தாவில் கடந்துவிடுகிறது.

இறந்தோர் இந்த வாரத்துக்குள் உறுதியாக நுழைவது அதற்கும் பின்னர். பிரான்சின் க்ளூனி மடாதிபதி ஒடிலோ, 998ஐ ஒட்டி, தம் மடங்கள் அனைத்திலும் நவம்பர் 2 அன்று இறந்த விசுவாசிகளுக்காக மன்றாட வேண்டும் என ஏற்பாடு செய்தார். அது மெல்லப் பரவித் திருச்சபை முழுமைக்கும் உரியதாயிற்று. தமிழகத்துக் கத்தோலிக்கர் நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளன்று குடும்பக் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, பூவும் மெழுகுவத்தியும் வைத்து, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது இந்த ஏற்பாட்டின் நேரடி வாரிசு. கெல்ட் மரபின் நிழல்கூட எட்டாத ஊர்களில் அதே தேதி, அதே நோக்கம். நவம்பரையும் இறந்தோரையும் இணைத்து உலகெங்கும் கொண்டுபோனது திருச்சபைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை.

வாசலில் நின்றவர்கள்

இனிதான் ஹாலோவீனின் உடம்பு உருவாகிறது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஜான் மர்க் என்ற குரு, தம் மறையுரைத் தொகுப்பில், ஆன்மாக்களுக்காக ரொட்டி வாங்கித் தானம் செய்யும் பழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஏழை ரொட்டியைப் பெற்றுக்கொண்டு, கொடுத்த வீட்டின் இறந்தோருக்காக மன்றாடுகிறான். இருவருக்கும் ஆதாயமுள்ள ஏற்பாடு. சீர்திருத்த இயக்கம் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தபோது இதன் இறையியல் அடிப்படை தகர்ந்தது. முதலாம் எலிசபெத் ஆட்சியில் அன்றிரவு ஆலய மணி அடிப்பதும் குற்றமாயிற்று. ரொட்டி மட்டும் நின்றுவிடவில்லை. செஷயர், ஷ்ராப்ஷயர் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டிலும் பிள்ளைகளும் கூலியாட்களும் வீடு வீடாகப் பாடி ‘ஆன்ம ரொட்டி’ கேட்டார்கள். யாருடைய ஆன்மாவுக்கு என்பது மறந்துபோயிருந்தது, பசி மறக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் அக்டோபர் 31 வேறு மாதிரி. ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதி அடுத்த ஆண்டு அச்சிட்ட ‘ஹாலோவீன்’ என்ற நெடுங்கவிதைக்கு அவரே உரைநடைக் குறிப்புகளும் சேர்த்திருக்கிறார். ஆய்வாளருக்குக் கவிதையைவிட அந்தக் குறிப்புகள் பெரிய கொடை. இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கைக்குக் கிடைத்த முதல் கேல் செடியைப் பிடுங்குகிறார்கள். தண்டு நேராக இருந்தால் துணையும் நல்ல உடற்கட்டு, கோணலாக இருந்தால் துணையும் அப்படியே. வேரில் ஒட்டிய மண் வரப்போகும் சீதனம். தண்டின் நடுவைக் கடித்துப் பார்த்தால் இனிப்போ கசப்போ, அதுதான் துணையின் சுபாவம். கொட்டை இரண்டுக்கு ஒரு பையன் பெயரும் ஒரு பெண் பெயரும் வைத்து நெருப்பில் போடுகிறார்கள். அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் கல்யாணம் சுகமாக நடக்கும், ஒன்று தெறித்து ஓடினால் இல்லை. பயமுறுத்தல் ஓரத்தில் கொஞ்சம் உண்டு. ஆனால் இந்த இரவின் மையம் சாவு அல்ல, கல்யாணம்.

அயர்லாந்திலும் இதே நிலைதான். பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம் ஒளித்து வைத்தார்கள், அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு முதலில் மணம். டேனியல் மக்லீஸ் 1833இல் தீட்டிய ‘ஆப்பிள் கவ்வும் இரவு’ ஓவியம், அதற்கு முந்திய ஆண்டு அவர் பிளார்னியில் கலந்துகொண்ட ஒரு வீட்டுக் கொண்டாட்டத்தைக் காட்டுகிறது. தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் பிடிக்கும் பிள்ளைகளும் ஆட்டமும் பாட்டுமாக ஒரே கூட்டம். அதில் பேய் எதுவும் இல்லை.

அச்சம் எங்கே இருந்தது என்றால், டர்னிப் கிழங்கில். மேயோ மாவட்டம் டர்லோவில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகக் கிளையில், டோனகால் மாவட்டத்து ஃபின்டவுனிலிருந்து வந்த ஒரு ‘பேய் டர்னிப்’பின் வார்ப்பு இருக்கிறது. மூலம் 1900ஐ ஒட்டியது. கிழங்கைக் குடைந்து, கண்குழியும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்து இருட்டில் தூக்கிப்பிடிப்பார்கள். கிழங்கு வற்ற வற்ற முகம் சுருங்குகிறது. உப்பிய கன்னமுள்ள அமெரிக்கப் பரங்கிக்காய்க்கு இந்தக் குரூரம் என்றைக்கும் வந்ததில்லை.

கடல் கடந்தபின்

பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டு, அதைவிட அதிகமானோர் கப்பலேறியபோது ஐரிஷ் வழக்கங்களும் உடன் போயின. ஸ்காட்லாந்துக் குடியேறிகள் அதற்கு முன்பே அங்கிருந்தார்கள். குடைவதற்குக் கடினமான டர்னிப்பின் இடத்தை மென்மையான பரங்கிக்காய் பிடித்ததில் மர்மம் ஒன்றுமில்லை.

மாறுவேடத்தில் வீடு வீடாகப் போய் ‘குறும்பா, விருந்தா’ என்று கேட்டு மிட்டாய் வாங்கும் வழக்கத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்து மாறுவேடப் பிள்ளைகள் வழியாகவோ ஆன்ம ரொட்டி வழியாகவோ இது அறுபடாமல் வந்தது என்பதே பொது நம்பிக்கை. இந்தச் சங்கிலியிலும் ஒரு கண்ணி பலவீனமாக இருக்கிறது. மாசசூசெட்ஸ் நூலகர் ரூத் எட்னா கெல்லி 1919இல் வெளியிட்ட ‘ஹாலோவீன் நூல்’ அமெரிக்காவில் இவ்விழாவின் வரலாற்றைச் சொல்லும் முதல் முழுநூல். அமெரிக்க வழக்கங்களுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கியவர், பிள்ளைகள் வாசல் வாசலாகக் கேட்டுப் போவதைப் பற்றி அதில் ஒரு வரி எழுதவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவிந்த ஹாலோவீன் அஞ்சலட்டைகளிலும் சூனியக்காரி, பூனை, கண்ணாடி பார்க்கும் கன்னி என்று எல்லாம் உண்டு, பை ஏந்திய பிள்ளைகள் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடியேறிகளின் ஊர்களில் வழக்கம் இருந்திருக்கலாம். தேசிய வழக்கமாக அது இல்லை.

இருந்தது குறும்பு. வாயிற்கதவைக் கழற்றி ஊர் எல்லையில் போடுவது, கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்ப்பது. நகரங்கள் பெருத்தபோது இது விளக்குக் கம்பங்களுக்கும் ஜன்னல் கண்ணாடிகளுக்கும் தாவியது. மினசோட்டா மாநிலத்து அனோக்கா ஊர், இளைஞர்களைக் கட்டுக்குள் வைக்க 1920இல் ஊர்வலம் ஏற்பாடு செய்தது. இன்று அது தன்னை ஹாலோவீன் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. 1920களில் மேற்குக் கனடாவின் செய்தித்தாள்களில் ‘குறும்பா, விருந்தா’ என்ற பேரம் தலைகாட்டுகிறது. 1930களில் பொருளாதார மந்தத்தின் நடுவே சேதம் தாங்க முடியாமல் போனபோது, வீட்டுக்காரர்களும் ஊர் மன்றங்களும் இந்தப் பேரத்தை மனமுவந்து வளர்த்தார்கள். உலகப்போர்ச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்தது. மிட்டாய் நிறுவனங்கள் காத்திருந்தன. வால்ட் டிஸ்னி 1952இல் டொனால்டு வாத்தை வைத்து இதே பெயரில் குறும்படம் எடுத்தபோது, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது என்றென்றும் இருந்துவந்த வழக்கமாகத் தோன்றியது. ஒரு தலைமுறைக்குள் ஒரு மரபு ‘பழமை’ பெற்றுவிட்டது.

அடுத்த தலைமுறையில் அதற்கு ஓர் அச்சமும் சேர்ந்தது. ஆப்பிளில் சவரக் கத்தி, மிட்டாயில் நஞ்சு. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1985இல் ஜெரால்டு ஹோரியூச்சியுடன் வெளியிட்ட ஆய்வில் செய்தித்தாள் பதிவுகளைச் சலித்தார். முகமறியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் பிள்ளை இறந்த நிகழ்வு ஒன்றும் தேறவில்லை. 1974இல் டெக்ஸாசில் சயனைடு கலந்த மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தது உண்மை. வைத்தவன் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட தந்தை.

ஒரே பத்தி, இரு தரப்பு

இந்த மறுஆய்வுகளெல்லாம் பொதுப்புத்தியை அதிகம் அசைத்ததாகத் தெரியவில்லை. காரணம், பழைய கதையால் பயன்பெறுவோர் பலர். விக்கா போன்ற நவீன மரபினர் தம் எட்டு விழாக்களில் சௌவினை முதன்மையாகக் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு ரீஸின் புத்தாண்டு வேண்டும். சுவிசேஷ சபைகளில் ஒரு பகுதியினர் அதே நாளைச் சாத்தானின் நாள் என்று புறக்கணிக்கிறார்கள். அவர்களுக்கு வலன்சியின் மரண தேவன் வேண்டும். எதிரெதிர் முனைகளில் நிற்கும் இருவரும் நம்புவது ஒரே 18, 19ஆம் நூற்றாண்டுப் பத்தியை. புறக்கணிக்கும் சபைகள் பலவும் அன்று மாலை தம் வாகன நிறுத்தத்தில் காரின் பின்கதவுகளைத் திறந்துவைத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்குவது தனி வேடிக்கை.

மூன்றாவது தரப்பு அயர்லாந்து அரசின் சுற்றுலாத் துறை. மீத் மாவட்டத்தில் 2019 முதல் பூக்கா விழாவை நடத்தி, ஹாலோவீனின் பிறந்தகம் இதுவே என்று உலகை அழைக்கிறது. அருகிலுள்ள த்லக்தா குன்றில் சௌவின் நெருப்பு எரிந்தது என்பதற்கான புகழ்பெற்ற ஆதாரம், ஜெஃப்ரி கீட்டிங் 1634ஐ ஒட்டி முடித்த அயர்லாந்து வரலாறு. அவர் விவரித்த துரூயிட் சடங்குக்கும் அவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியலாளர்கள் 2014இல் அங்கே அகழாய்வு தொடங்கினார்கள். அடுத்தடுத்த காலங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டிய வட்ட அகழிகள் வெளிப்பட்டன. அங்கே மக்கள் நெடுங்காலம் கூடினார்கள் என்பதற்கு அவை நல்ல சான்று. நெருப்பின் தடத்துக்குக் கரிமக் கணிப்பு நூற்றாண்டைச் சொல்லும். அது எந்த மாதத்து இரவில் எரிந்தது என்பதைச் சொல்லாது.